புல்லட் சதுரங்கத்தில் வயது எதைப் பறிக்கிறது, எதை விட்டுவைக்கிறது?

2017 டிசம்பரில் ரியாத்தில் நடந்த உலக ரேபிட் சாம்பியன்ஷிப்பை வென்றபோது விஸ்வநாதன் ஆனந்துக்கு வயது 48. அதைத் தொடர்ந்து அங்கேயே நடந்த உலக பிளிட்ஸ் போட்டியிலும் அவர் மூன்றாம் இடம் பிடித்தார். முந்தைய ஆண்டு தோஹாவில் இதே ரேபிட் பட்டத்தை வென்ற வாசில் இவான்சுக்குக்கு வயது 47. மறுபுறம், 2024 மார்ச்சில் ஆன்லைனில் நடந்த, ஓரிரு நிமிடமே நேரம் தரப்படும் புல்லட் போட்டி ஒன்றில் முன்னாள் உலக சாம்பியன் மாக்னஸ் கார்ல்சனை ஓர் ஆட்டத்தில் வீழ்த்திய அர்ஜென்டினாச் சிறுவன் ஃபவுஸ்டினோ ஓரோவுக்கு வயது 10. இந்தச் செய்திகளைச் சேர்த்துப் படிப்பவருக்குக் குழப்பம் வருவது இயல்பே. வேகச் சதுரங்கம் இளைஞர்களின் ஆட்டமா, இல்லையா? நிதான ஆட்டங்களில் ரேட்டிங், அதாவது ஆட்டக்காரரின் தர எண், அசையாமல் நிற்கும்போது, நாற்பதைத் தாண்டிய பலருக்குப் புல்லட் ரேட்டிங் மட்டும் ஏன் சரிகிறது?

குழப்பத்தில் பாதி, 15 நிமிட ஆட்டத்தையும் ஒரு நிமிட ஆட்டத்தையும் 'வேகச் சதுரங்கம்' என்ற ஒரே பெயரில் அடைப்பதால் வருகிறது. ஆகவே நேர அளவுகளிலிருந்தே தொடங்க வேண்டும்.

## எவ்வளவு வேகம் 'மிக வேகம்'?

சர்வதேச சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி, ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் 10 நிமிடமோ அதற்குக் குறைவாகவோ நேரம் தரப்படும் ஆட்டம் பிளிட்ஸ். 10 நிமிடத்துக்கு மேல், ஒரு மணி நேரத்துக்குள் அடங்குவது ரேபிட். உலக ரேபிட் போட்டியில் 15 நிமிடமும், ஒவ்வொரு நகர்வுக்கும் கூடுதலாக 10 விநாடியும் கிடைக்கின்றன. உலக பிளிட்ஸ் போட்டியில் 3 நிமிடமும் நகர்வுக்கு 2 விநாடியும் தரப்படுகின்றன. இப்படி நகர்வுதோறும் கடிகாரத்தில் சேரும் நேரத்தைத்தான் இன்கிரிமென்ட் என்கிறார்கள்.

ஆன்லைன் தளங்கள் இதற்கும் கீழே இறங்குகின்றன. லிச்செஸ் தளம், தொடக்க நேரத்துடன் 40 நகர்வுகளுக்கான இன்கிரிமென்ட்டைக் கூட்டி, அந்தத் தொகை 3 நிமிடத்துக்குள் வந்தால் அதைப் புல்லட் என்று வகைப்படுத்துகிறது. '1+0' என்பது ஒரு நிமிடம், கூடுதல் எதுவும் இல்லை. '2+1' என்பது இரண்டு நிமிடத்துடன் நகர்வுக்கு ஒரு விநாடி. மொத்தமே 15 விநாடியில் ஆடும் அல்ட்ராபுல்லட்டும் அங்கே உண்டு.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் வேறுபாடு புரியும். 40 நகர்வு நீளும் ஒரு ரேபிட் ஆட்டத்தில், இன்கிரிமென்ட்டையும் சேர்த்தால், நகர்வுக்குச் சராசரியாக அரை நிமிடத்துக்கு மேல் கிடைக்கிறது. 1+0 புல்லட்டில் கிடைப்பது ஒன்றரை விநாடி. ஆட்டம் 60 நகர்வுக்கு நீண்டால் ஒரு விநாடி. அரை நிமிடத்தில் பத்தில் ஒரு விநாடி தொலைந்தால் எவரும் கவனிக்கமாட்டார்கள். ஒரு விநாடியில் அதே அளவு தொலைந்தால் கையிருப்பில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. ஆனந்த் 48 வயதில் ரேபிட்டில் வென்றதையும், அதே வயதுள்ள ஒருவர் 1+0 ஆட்டத்தில் நேரம் தீர்ந்து தோற்பதையும் ஒரே தராசில் வைக்க முடியாததற்கு இந்தக் கணக்கே முதல் காரணம்.

## ஒரு நகர்வுக்குள் நடப்பவை

வயதின் தாக்கம் எல்லா இடத்திலும் ஒரே சீராகப் படிவதில்லை. அது எங்கே படிகிறது என்று காண, எதிராளி காயை நகர்த்திய கணத்திலிருந்து நம் காய் பலகையில் நகரும் கணம் வரை உள்ள இடைவெளியைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

1. பார்த்தல்: எந்தக் காய் எங்கே போனது என்று கண் பிடிப்பது.
2. அடையாளம் காணுதல்: அந்த நகர்வு எதைத் தாக்குகிறது, எதைக் காவலின்றி விட்டுச் சென்றது என்று உணர்வது. சதுரங்க அறிவு வேலை செய்வது இங்கேதான்.
3. தேர்ந்தெடுத்தல்: மனத்தில் எழும் இரண்டு மூன்று பதில்களில் ஒன்றை எடுப்பது.
4. உறுதி செய்தல்: 'இது போதும், ஆடிவிடலாம்' என்று முடிவுக்கு வருவது. இது தேர்வின் பகுதிபோலத் தோன்றினாலும் தனியான ஒன்று. கீழே விரிவாகப் பேசப் போவதும் இதைத்தான்.
5. செயல்படுத்தல்: மவுஸையோ விரலையோ காயின்மேல் கொண்டுபோய், உரிய கட்டத்தில் விடுவது.

இணையத் தாமதம் என்ற ஆறாவது கட்டமும் உண்டு. ஆனால் அதற்கு வயது தெரியாது. தளங்கள் ஓரளவு அதை ஈடுகட்டவும் செய்கின்றன.

நிதான ஆட்டத்தில் 2, 3 ஆகிய கட்டங்களே பெரும்பாலான நேரத்தை விழுங்குகின்றன. மற்றவை கணக்கில் வராத சில்லறை. புல்லட்டில் இந்தச் சில்லறையே மொத்தத் தொகையின் பெரும்பகுதியாகிவிடுகிறது. ஒருவருடைய சதுரங்க அறிவு துளியும் குறையாமலேயே அவருடைய புல்லட் வலிமை குறைய முடியும் என்பதன் பொருள் இதுவே.

## எதிர்வினை நேரம்: பரவலாகச் சொல்லப்படும் காரணம், பாதி உண்மை

வயதானால் எதிர்வினை மந்தமாகும் என்பதே எல்லோரும் உடனே சொல்லும் விளக்கம். அது உண்மைதான். எவ்வளவு உண்மை என்பதே கேள்வி.

திரையில் ஒரு புள்ளி தோன்றியதும் பொத்தானை அழுத்துவது போன்ற எளிய எதிர்வினைக்கு, இளம் வயதினருக்கு ஏறத்தாழ 200 முதல் 250 மில்லி விநாடி ஆகிறது. 18 முதல் 65 வயது வரையுள்ள 1,400-க்கும் மேற்பட்டோரை வைத்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த நேரம் ஆண்டுக்கு அரை மில்லி விநாடி அளவில்தான் கூடியது. அப்படியானால் 20 வயதுக்கும் 60 வயதுக்கும் இடையே வரும் வேறுபாடு 20 மில்லி விநாடியை ஒட்டியது. அதை 40 நகர்வால் பெருக்கினாலும் முக்கால் விநாடி, ஒரு விநாடிக்கு மேல் போகாது. 60 விநாடி ஆட்டத்தில் இதனால் மட்டும் ரேட்டிங் சரிந்துவிடாது.

சதுரங்கமோ புள்ளியைப் பார்த்துப் பொத்தானை அழுத்தும் வேலை அல்ல. பல பதில்களில் சரியான ஒன்றைத் தேர்ந்து அழுத்த வேண்டிய சோதனைக்குத் தேர்வு எதிர்வினை நேரம் என்று பெயர். மாற்று வழிகள் கூடக் கூட இந்த நேரம் மடக்கை விகிதத்தில் நீள்கிறது என்பதை 1952-இல் பிரிட்டிஷ் உளவியலாளர் வில்லியம் ஹிக் காட்டினார். வயதின் சுமை அதிகமாக ஏறுவதும் இந்த வகைச் சோதனையில்தான்: ஆண்டுக்கு ஏறத்தாழ 3 மில்லி விநாடி. 40 ஆண்டு இடைவெளிக்கு 120 மில்லி விநாடி. 40 நகர்வுக்கு 4.8 விநாடி.

இது ஆய்வக அளவைப் பலகைக்கு நேராகக் கொண்டுவந்து போட்ட முரட்டுக் கணக்கு என்பதை மறக்கக்கூடாது. இருந்தாலும் அளவின் வரிசை புரிகிறது. இரு தரப்பும் கடைசிப் பத்து விநாடிக்குள் வந்துவிட்ட ஒரு புல்லட் ஆட்டத்தில் 4.8 விநாடி என்பது, வென்ற நிலையை வென்றதாகவே முடிப்பதற்கும் கொடி விழுந்து, அதாவது நேரம் தீர்ந்து, தோற்பதற்கும் இடையே உள்ள தூரம்.

கையின் பங்கையும் இதோடு சேர்க்க வேண்டும். இலக்கு எவ்வளவு தொலைவோ, எவ்வளவு சிறிதோ அவ்வளவுக்குக் கை அதிக நேரம் எடுக்கும் என்பது 1954-இல் பால் ஃபிட்ஸ் வகுத்த விதி. வயது ஏறும்போது இந்தக் கூடுதல் இன்னும் பெரிதாகிறது. கை இலக்கின் அருகே சென்றதும் வேகத்தைக் குறைத்து, சின்னச் சின்னத் திருத்தங்கள் செய்து கட்டத்தில் இறங்குகிறது. a1 மூலையிலிருந்து h8 மூலைக்கு மந்திரியை (பிஷப்) இழுத்துச் செல்வதற்கும் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுவதற்கும் இடையே உள்ள நேர வேறுபாடு, இருபது வயதில் இருப்பதைவிட அறுபதில் பெரிது. நாற்பதையொட்டி வரும் வெள்ளெழுத்தும், கைபேசியின் சிறு பலகையில் விரலே கட்டத்தை மறைத்துவிடுவதும் இதே கணக்கில் சேர வேண்டியவை.

## வேகம் குறைகிறதா, நிதானம் கூடுகிறதா?

மேலே சொன்ன நான்காம் கட்டத்துக்கு இப்போது வரலாம். இந்த விஷயத்தில் பலர் தவறவிடும் புள்ளி இதுதான் என்பது என் கணிப்பு.

ஒரு முடிவை எடுப்பதை, சான்றுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து ஒரு வரம்பைத் தொடும் நிகழ்வாக உருவகித்து, 1978-இல் ரோஜர் ராட்கிளிஃப் ஒரு கணித மாதிரியை முன்வைத்தார். அந்த மாதிரியில் மூன்று அளவுகள் முக்கியமானவை. சான்றுகள் எவ்வளவு வேகமாகச் சேர்கின்றன என்பது முதலாவது. மூளையின் வேகம் என்று நாம் பொதுவாகச் சொல்வது இதைத்தான். எவ்வளவு சான்று சேர்ந்தால் போதும் என்று வைத்துக்கொள்ளும் வரம்பு இரண்டாவது. இது எச்சரிக்கை உணர்வின் அளவு. பார்ப்பதற்கும் கையை அசைப்பதற்கும் ஆகும் நேரம் மூன்றாவது.

2022-இல் மிஷா ஃபான் கிரவுசெ, ஸ்டெஃபான் ராடெவ், ஆண்ட்ரேயாஸ் ஃபோஸ் ஆகிய மூவரும் ஏறத்தாழ 12 லட்சம் பேரின் இணையச் சோதனை விடைகளை இந்த மாதிரியைக் கொண்டு ஆராய்ந்தனர். மொத்த எதிர்வினை நேரம் இருபது வயதையொட்டியே கூடத் தொடங்குகிறது என்பது அதிலும் தெரிந்தது. ஆனால் அந்தக் கூடுதலுக்கு முதல் அளவு காரணமாக இல்லை. சான்று சேரும் வேகம் 60 வயதை ஒட்டும் வரை பெரிதாகக் குறையவே இல்லை. கூடியவை மற்ற இரண்டும்: போதும் என்று சொல்வதற்கு முன் வைக்கும் வரம்பும், கண்ணும் கையும் எடுத்துக்கொள்ளும் நேரமும்.

அந்தச் சோதனை சொற்களையும் படங்களையும் வகைப்படுத்தும் எளிய வேலை என்பதால், முடிவை அப்படியே சதுரங்கத்துக்குப் பெயர்த்து நடுவது கூடாது. ஆயினும் புல்லட் ஆடும் நடுவயதினர் பலரிடம் காணப்படும் ஒரு பழக்கத்துக்கு இது பொருத்தமான விளக்கம் தருகிறது. சரியான நகர்வு முதல் கணத்திலேயே அவர்களுக்குத் தென்பட்டுவிடுகிறது. மவுஸ் காயின்மேலும் போய்விடுகிறது. பிறகு ஓர் அரை விநாடி நின்று, ராணி காவலில் இருக்கிறதா, கடைசி வரிசையில் மேட் ஏதும் இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துவிட்டே காயை விடுகிறார்கள். நிதான ஆட்டத்தில் பல ஆண்டுகளாகத் தோற்றுத் தோற்றுக் கற்ற பழக்கம் அது. அங்கே அது ரேட்டிங்கை ஏற்றிய குணம். ஒன்றரை விநாடி ஆட்டத்திலோ அந்தச் சரிபார்ப்பு பாதுகாக்கும் புள்ளிகளைவிட விழுங்கும் விநாடிகள் அதிகம்.

இந்த வரம்பு ஓரளவு நம் விருப்பத்துக்குக் கட்டுப்படும். வேகத்துக்கு முன்னுரிமை தரச் சொன்னால் மூத்தவர்களும் வரம்பைத் தாழ்த்துகிறார்கள். ஆனால் இளையவர்கள் தாழ்த்தும் அளவுக்கு அல்ல என்பதே ராட்கிளிஃப்பும் அவரோடு ஆய்ந்தவர்களும் கண்டது. தவறு செய்வதில் உள்ள கூச்சம் வயதோடு கூடுகிறது என்று எளிய மொழியில் சொல்லிவிடலாம்.

## வயது தொடாத பகுதி

இவ்வளவையும் மீறி, 50 வயது மாஸ்டர் ஒருவர் 20 வயதுப் புதியவரைப் புல்லட்டில் எளிதாக நசுக்கிவிடுகிறார். காரணம் இரண்டாம் கட்டம்.

வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973-இல் காட்டியது இது: தேர்ந்த ஆட்டக்காரர் பலகையைத் தனித்தனிக் காய்களாகப் பார்ப்பதில்லை, அர்த்தமுள்ள சிறு தொகுதிகளாகப் பார்க்கிறார். காஸ்லிங் செய்த ராஜாவும் அவர் முன் நிற்கும் மூன்று சிப்பாய்களும் அவருக்கு ஒரே பொருள். காய்களைத் தாறுமாறாக அடுக்கிக் காட்டினால் இந்தச் சாதகம் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. இத்தகைய தொகுதிகள் நீண்டகால நினைவில் தங்குபவை. சொல்வளம்போல வயதால் எளிதில் அரிக்கப்படாதவை.

நீல் சார்னஸ் 1981-இல் நடத்திய ஆய்வு இதைக் கூர்மையாக்கியது. ஒரே தரத்தில் உள்ள இளைய, மூத்த ஆட்டக்காரர்களை ஒப்பிட்டபோது, கண்ட நிலையை நினைவிலிருந்து திரும்ப அடுக்குவதில் மூத்தவர்கள் பின்தங்கினார்கள். நல்ல நகர்வைத் தேர்ந்தெடுப்பதில் பின்தங்கவில்லை. குறைவாகத் தேடி அதே தரமான விடையை எட்டினார்கள்.

வேகத்துக்கும் இந்த ஆழமான அறிவுக்கும் உள்ள தொடர்பை புரூஸ் பர்ன்ஸ் 2004-இல் அளந்தார். ஆட்டக்காரர்களிடையே பொதுத் தரத்தில் காணப்படும் வேறுபாட்டில் 81 விழுக்காடு வரை, வழக்கமான நேரத்தில் 5 விழுக்காட்டுக்கும் குறைவான நேரத்தில் ஆடும் பிளிட்ஸ் ஆட்டத்தின் திறனைக் கொண்டே விளக்கிவிட முடிந்தது. நேரத்தைக் கடுமையாக வெட்டினாலும் எஞ்சுவது பெரும்பாலும் அதே சதுரங்கம்தான். ஆனால் அவர் ஆராய்ந்தது பிளிட்ஸை. 1+0-இல் கையின் பங்கு இன்னும் பெரிது.

சதுரங்கத்துக்கு வெளியே நடந்த ஆய்வு ஒன்றும் இங்கே பெரிதும் உதவுகிறது. 19 முதல் 72 வயது வரையுள்ள தட்டச்சர்களை 1984-இல் டிமதி சால்ட்ஹவுஸ் சோதித்தார். எதிர்வினைச் சோதனையில் மூத்தவர்கள் தெளிவாக மந்தமாக இருந்தார்கள்; தட்டச்சு வேகத்திலோ வயதால் வேறுபாடு தெரியவில்லை. முன்னே தெரியும் எழுத்துகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்திப் பார்த்தபோது காரணம் வெளிப்பட்டது: மூத்தவர்களின் கண், கைக்கு முன்னால் அதிக எழுத்துகளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. மந்தமான விரலை முன்கூட்டிய பார்வை ஈடுகட்டிவிட்டது.

புல்லட்டில் இதற்கு நேர் இணை ப்ரீமூவ். எதிராளி யோசித்துக்கொண்டிருக்கும்போதே நம் அடுத்த நகர்வைப் பதிவு செய்துவிடும் வசதி அது. எதிராளி நகர்த்திய கணமே அது தானாக ஆடப்படும். லிச்செஸ்ஸில் இதற்கு நேரமே பிடிப்பதில்லை; செஸ்.காம் தளத்தில் பத்தில் ஒரு விநாடி கழிகிறது. ப்ரீமூவ் சரியாக அமைந்துவிட்டால் பார்த்தல் முதல் செயல்படுத்தல் வரை ஐந்து கட்டங்களும் எதிராளியின் நேரத்தில் நடந்து முடிந்துவிடுகின்றன. அங்கே 20 வயதுக்கும் 60 வயதுக்கும் வேறுபாடே இல்லை.

## அப்படியானால் தோல்வி எங்கே நிகழ்கிறது?

எதிர்பாராத நகர்வில். முன்னறிவு செல்லுபடியாகும் வரை வயது ஒளிந்துகொள்கிறது. அது பொய்க்கும் கணத்தில் முழுத் தொகையையும் வசூலித்துவிடுகிறது.

ஒரு நிலையை அருகில் சென்று பார்ப்போம். வெள்ளையிடம் ஒரு யானையும் இரண்டு சிப்பாய்களும் கூடுதலாக இருக்கின்றன; கடிகாரத்தில் 7 விநாடி. கறுப்பிடம் ஒரு மந்திரி, 6 விநாடி. வெள்ளை தன் சிப்பாயைத் தள்ள ப்ரீமூவ் போட்டு வைத்திருக்கிறார். கறுப்பு தன் மந்திரியைக் கொண்டுவந்து வெள்ளை ராஜாவுக்குச் செக் வைக்கிறார். சதுரங்கக் கணக்கில் அந்த நகர்வு அபத்தம். ராஜா அந்த மந்திரியை வெட்டிவிடலாம். ஆனால் செக் விழுந்ததும் சிப்பாயின் ப்ரீமூவ் விதிப்படி செல்லாமல் ரத்தாகிறது. வெள்ளை இப்போது, தான் போட்டது ஏன் ஆடப்படவில்லை என்று புரிந்து, செக் எங்கிருந்து வருகிறது என்று கண்டு, சிப்பாய்மேல் இருந்த மவுஸை ராஜாவின்மேல் கொண்டுபோய், மந்திரியை வெட்ட வேண்டும். தொடங்கிவிட்ட செயலை நிறுத்தி வேறொன்றுக்குத் தாவுவது, வயதோடு கனமாகும் வேலைகளில் முன்னிலையில் இருப்பது. இளையவருக்கு ஒரு விநாடி போகும் இடத்தில் மூத்தவருக்கு இரண்டு விநாடி போய்விட்டால், ஒரு மந்திரியைத் தானமாகக் கொடுத்த கறுப்பு நேரத்தில் முன்னேறிவிடுகிறார். எல்லாக் காய்களையும் இழந்தும் வெள்ளையின் கொடி விழும் வரை ஒரு சிப்பாயைக் காப்பாற்றி வைத்திருந்தால் போதும்.

அனுபவமுள்ள புல்லட் ஆட்டக்காரர்கள் கடைசி விநாடிகளில் பொருளற்ற செக்குகளாக வைத்துத் தள்ளுவது இதனால்தான். இது சதுரங்கமே அல்ல என்று எரிச்சல்படுபவர்கள் உண்டு. அந்த எரிச்சலில் நியாயம் இருக்கலாம். ஆனால் 1+0-இல் நேரமும் ஒரு காய்தான் என்று தெரிந்தே உட்கார்கிறோம்.

## உச்சத்தில் உள்ளவர்கள் காட்டுவது

செஸ்.காம் நடத்தும் ஸ்பீட் செஸ் சாம்பியன்ஷிப்பில் ஒரு மோதல் மூன்று பகுதிகளாக நடத்தப்பட்டு வந்தது: 90 நிமிடம் 5+1 ஆட்டங்கள், 60 நிமிடம் 3+1, கடைசி 30 நிமிடம் 1+1 புல்லட். 2018 முதல் 2022 வரை ஐந்து முறை தொடர்ந்து ஹிகாரு நகமுரா வென்றார். கடைசி வெற்றியின்போது அவருக்கு வயது 35. 2023-இல் நகமுராவையும், 2024-இல் தன்னைவிடப் பன்னிரண்டு வயது இளைய அலிரேசா ஃபிரோஸ்ஜாவையும் இறுதியில் வீழ்த்தி வென்ற கார்ல்சனுக்கு அப்போது முறையே 32, 33 வயது. முப்பதுகளின் நடுவில் புல்லட் கை உதிர்ந்துவிடுவதில்லை என்று இதிலிருந்து சொல்லலாம். ஆனால் நாளும் பல மணி நேரம் ஆடுபவர்களை வைத்து, வாரத்துக்கு நான்கு ஆட்டம் ஆடுபவரின் எதிர்காலத்தைக் கணிக்க முடியாது.

முன்னாள் உலக சாம்பியன் கேரி காஸ்பரோவின் கதை வேறு வகையில் பாடம். 2005-இல் ஓய்வு பெற்ற அவர், 2016-இல் செயின்ட் லூயிஸில் நகமுரா, வெஸ்லி சோ, ஃபாபியானோ கருவானா ஆகியோருடன் ஆடிய பிளிட்ஸ் போட்டியில் 18 ஆட்டங்களில் 9.5 புள்ளி எடுத்தார். வயது 53. 2021-இல் ஜாக்ரெப்பில், 58 வயதில், 18 பிளிட்ஸ் ஆட்டங்களில் எடுத்தது 2.5 புள்ளி. இரண்டும் நேரில் பலகையில் ஆடியவை. ஐந்து ஆண்டு வயது மட்டும் இவ்வளவு பெரிய சரிவைத் தராது. பயிற்சி விட்டுப்போன காலம், எதிராளிகள், முதல் நாளிலேயே குலைந்த தன்னம்பிக்கை ஆகியவையும் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன. ஒரே ஒரு போட்டியைக் காட்டி 'வயதாகிவிட்டது' என்று தீர்ப்பு எழுதுவோர் இதைக் கவனிப்பது நல்லது.

நிதான ஆட்டத்துக்கான அளவுகோல் நம்மிடம் உண்டு. 1890 முதல் நடந்த 24,000-க்கும் மேற்பட்ட தொழில்முறை ஆட்டங்களின் நகர்வுகளைக் கணினி கண்ட சிறந்த நகர்வுகளோடு ஒப்பிட்டு 2020-இல் வெளியான ஆய்வின்படி, திறன் இருபதுகளின் தொடக்கம் வரை வேகமாக ஏறி, 35-ஐ ஒட்டி உச்சத்தைத் தொட்டு, 45-க்குப் பிறகு தொடர்ந்து இறங்குகிறது. மறுகோடியில், ஸ்டார்கிராஃப்ட் 2 என்ற வேகமான கணினி விளையாட்டில் 16 முதல் 44 வயது வரையுள்ள 3,305 பேரை ஆராய்ந்த 2014-ஆம் ஆண்டு ஆய்வில், பார்த்ததற்கும் செய்வதற்கும் இடையிலான நேரம் 24 வயதிலிருந்தே நீளத் தொடங்கியது. அதை வைத்து 24-இல் எல்லாம் முடிந்தது என்று பேசுவது மிகை. மூத்த ஆட்டக்காரர்கள் எளிய கட்டளைகளாலும் குறுக்குவழிகளாலும் அதை ஈடுகட்டினார்கள் என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. புல்லட் இந்த இரண்டு கோடுகளுக்கும் இடையில் விழும் ஆட்டம். நேரம் குறையக் குறைய இரண்டாவது கோட்டை நோக்கி நகரும்.

## ரேட்டிங் எண்ணை வாசிக்கும்போது

சொந்த ரேட்டிங்கிலிருந்தோ பிறருடையதிலிருந்தோ வயதின் விளைவைக் கணிக்க முயல்பவர் சில பொறிகளைத் தாண்ட வேண்டும்.

1. ரேட்டிங் என்பது திறனின் நேரடி அளவு அல்ல. எதிராளிகளோடு ஒப்பிட்ட நிலை. தளத்தில் ஆடும் கூட்டம் வலுவடைந்தால், நாம் மாறாமலிருந்தும் எண் இறங்கும். ஒருவருடைய புல்லட் எண்ணையும் ரேபிட் எண்ணையும் கழித்து வரும் வேறுபாட்டுக்குத் தனியாகப் பொருள் கிடையாது. இரண்டும் வெவ்வேறு கூட்டத்தில் பெற்றவை. அந்த வேறுபாடு பல ஆண்டுகளில் எப்படி மாறுகிறது என்பதற்கு மட்டும் ஓரளவு பொருள் உண்டு.

2. சிறிய ஏற்ற இறக்கம் செய்தி அல்ல. ரேட்டிங்கைக் கணிக்கும் எலோ முறையில் 100 புள்ளி மேலே இருப்பவர் 100 ஆட்டங்களில் 64 புள்ளி எடுப்பார் என்று எதிர்பார்க்கிறோம். 50 புள்ளி மேலே இருந்தால் 57. தூக்கமில்லாத ஒரு மாலை 50 புள்ளியைத் தின்றுவிடும்.

3. இன்றைய 60 வயதினரையும் இன்றைய 20 வயதினரையும் ஒப்பிடுவது வயதை மட்டும் ஒப்பிடுவதாகாது. முன்னவர் மரப்பலகையில் கற்று நடுவயதில் மவுஸுக்கு வந்தவர். பின்னவர் காய் நகர்த்தக் கற்றதே திரையில். செஸ்.காம் தொடங்கியது 2007-இல், லிச்செஸ் 2010-இல். சிறுவயது முதல் ஆன்லைன் புல்லட் ஆடி அறுபதைத் தொட்ட தலைமுறை இன்னும் உருவாகவே இல்லை.

4. தோற்கத் தொடங்குபவர்கள் விலகுகிறார்கள். 60 வயதிலும் புல்லட் ஆடிக்கொண்டிருப்பவர்கள் தாக்குப்பிடித்தவர்கள். அவர்களுடைய சராசரியைப் பார்த்தால் வயதின் சேதம் குறைவாகத் தெரியும். மேலே சொன்ன பொறி இதற்கு நேர் எதிர்த் திசையில் இழுக்கிறது.

## நேர அளவைத் தேர்வதன் விளைவு

பறிபோவது அறிவு அல்ல, நகர்வுக்கு நூறு மில்லி விநாடி அளவிலான நேரமும் கூடிவிட்ட எச்சரிக்கையுமே என்றால், எதில் கைவைத்தால் பலன் உண்டு என்பது தெளிவாகிறது.

எதிர்வினையைக் கூர்மையாக்கும் பயிற்சி மென்பொருள்களால் அதிகம் கிடைக்காது. அவை அளப்பது, மேலே பார்த்த முக்கால் விநாடிப் பகுதியை. தொடக்க ஆட்டங்களைக் குறைவாக, ஆனால் ஆழமாக வைத்துக்கொண்டு முதல் பத்து நகர்வுகளை நான்கைந்து விநாடியில் முடிப்பது அதைவிடப் பன்மடங்கு நேரத்தை மிச்சப்படுத்தும். எதிராளிக்குத் தேர்வுகள் குறைவாக உள்ள, அடுத்த நகர்வு எளிதில் ஊகிக்கப்படும் நிலைகளை நாடுவதும் அப்படியே. காயை இழுத்துப் போடுவதா, காயையும் கட்டத்தையும் தனித்தனியே சொடுக்குவதா என்பதில் எது தன் கைக்கு விரைவு என்று ஒருமுறை அளந்து பார்ப்பதும் வீணாகாது. சரிபார்க்கும் பழக்கத்தை முற்றாகக் கைவிட முடியாது. ஆனால் எதிராளியின் நகர்வு செக்காகவோ வெட்டாகவோ இருந்தால் மட்டும் சரிபார்ப்பது, மற்ற நேரத்தில் முதலில் தென்பட்டதை ஆடிவிடுவது என்று அதற்கு ஒரு வாசல் வைக்கலாம்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றத்தைத் தருவது இன்கிரிமென்ட். முன்பு போட்ட முரட்டுக் கணக்கையே எடுத்துக்கொண்டால், 40 நகர்வில் போகும் 4.8 விநாடி 1+0 ஆட்டத்தில் மொத்த நேரத்தின் 8 விழுக்காடு. 2+1 ஆட்டத்தில் அதே 40 நகர்வுக்குக் கிடைப்பது 160 விநாடி. இழப்பு 3 விழுக்காடாகச் சுருங்குகிறது. நகர்வுதோறும் ஒரு விநாடி திரும்ப வருவதால், வென்ற இறுதியாட்டத்தை வெறும் செக்குகளால் கொடி விழும் வரை இழுத்தடிப்பதும் எளிதில் நடவாது. தளங்களின் கணக்கில் இரண்டுமே புல்லட்தான். ரேட்டிங்கும் ஒரே பட்டியலில்தான் ஏறுகிறது.